மான் வேட்டைத் தோட்டா: போகிறவர்கள் கவனிக்க

வணக்கம். அக்டோபரில் கலிபோர்னியாவில் உறவினரோடு மான் வேட்டைக்குப் போகும் நம் பெங்களூரு நண்பர்களுக்கு:

1. அங்கே 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயத் தோட்டா கூடாது. சுட்டுப் போட்ட விலங்கின் குடலோடு ஈயத் துணுக்கையும் தின்று காண்டோர் கழுகுகள் செத்ததால் வந்த சட்டம். செம்புத் தோட்டா வாங்குங்கள், பட்டதும் விரியும் வகையாகப் பார்த்து. விலை கூடுதல்தான், வேறு வழியில்லை.
2. வேட்டை லைசென்ஸ், மான் டேக் (மானைச் சுடுவதற்கான தனி அனுமதிச் சீட்டு) இரண்டும் வேண்டும்.
3. ஞாபகத்துக்கென்று ஒரு தோட்டாகூடக் கொண்டுவராதீர்கள். தேவனஹள்ளி விமான நிலையத்தில் பையில் சிக்கினால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு.
4. இங்கே மான் வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். பந்திப்பூர் ஜோக்கெல்லாம் குழுவில் வேண்டாம், சரியா?

செப்டம்பர் 14, ஞாயிறு காலை 10 மணிக்கு இந்திராநகரில் பேசலாம். வருகிறவர்கள் வெள்ளிக்குள் பதில் போடுங்கள்.