அந்த ராத்திரியைச் சொல்லிவிட்டுப் போங்கள்

அப்பாவோடு ஒரே படைப்பிரிவில் இருந்த மாமாக்களுக்கு,

வணக்கம். அப்பாவின் இறுதிச் சடங்குக்கு அத்தனை தூரம் வந்தீர்கள், நிற்க முடியாதவர்கள்கூட கைத்தடியை ஊன்றிக்கொண்டு நின்று சல்யூட் அடித்தீர்கள். அன்று நன்றி சொல்ல வாய் வரவில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன். அப்புறம் ஒரு குறையும் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் பேசியதெல்லாம் வீரர், ஒழுக்கமானவர், கடமை தவறாதவர் என்றே இருந்தது. பொய் இல்லை. ஆனால் பெயரை மாற்றிவிட்டால் உங்களில் யாருக்கு வேண்டுமானாலும் அந்தப் பேச்சு பொருந்தும். கிளம்பும்போது உங்களில் ஒருவர், காருக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு, "அந்த ராத்திரி உங்கப்பா வயர்லெஸ் செட்டை விட்டு எழுந்திருந்தா நாங்க ஆறு பேரும் திரும்பி வந்திருக்க மாட்டோம்மா" என்றார். எந்த ராத்திரி என்று நான் கேட்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள், நேரமாகிவிட்டதாம்.

எங்களுக்குத் தெரிந்த ஆள் வேறு. ராணுவத்தில் தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல் பிரிவில் இருந்தார் என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் அந்தப் பழக்கத்தை அவர் வீட்டிலும் கைவிடவில்லை. போனில் யாராவது பெயர் கேட்டால் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்றுதான் எழுத்துக் கூட்டுவார். அம்மாவிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்ததும் "ஓவர்" என்பார், "எனக்கு இன்னும் ஓவர் ஆகலை" என்று அம்மா ஆரம்பிப்பாள். எழுபது வயதில் பேத்திக்குச் சடை பின்னக் கற்றுக்கொண்டார். ஒயர் முறுக்குவது மாதிரிதானே என்றார், அதனால்தானோ என்னவோ அந்தச் சடை ராத்திரி வரைக்கும் அவிழாது. காதில் எப்போதும் ஓர் இரைச்சல், அதை ஹெட்போன் கொடுத்த பென்ஷன் என்பார். சண்டையைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அது கிடக்கட்டும், நீ சாப்பிட்டியா?"

கோப்பில் பார்க்கலாமே என்பீர்கள். பார்த்துவிட்டேன். சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, உயரம், ரத்த வகை, இடது முழங்காலில் ஒரு தழும்பு. அந்த ராத்திரி அதில் இல்லை.

முதல் உலகப் போரில் பாஸ்சண்டேல் களத்தில் இருந்த ஹாரி பேட்ச் என்ற பிரிட்டன் சிப்பாய், 1917 இல் ஒரே குண்டில் மூன்று நண்பர்களைப் பறிகொடுத்தவர். ஊர் திரும்பி பிளம்பர் வேலை பார்த்தார், குடும்பம் நடத்தினார், போரைப் பற்றி வெளியே வாய் திறந்தது 1998 இல்தான், நூறு வயதில். அவருக்கு 111 வயது வரை ஆயுள் இருந்தது, சரி. அப்பா 81 வயதில் போய்விட்டார். உங்கள் வயதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், மன்னிக்கவும்.

பெரிய சண்டைக் கதை வேண்டாம் மாமா. அன்றைக்கு மழையா, எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், பயந்தாரா, இவ்வளவு போதும். பயந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், எங்களுக்கு அவர்மேல் ஒன்றும் குறைந்துவிடாது. எழுதக்கூட வேண்டாம், போனில் பேசினால் நானே பதிவு செய்துகொள்கிறேன். சொல்லவே முடியாதது என்று ஏதாவது இருந்தால் அது உங்களோடேயே இருக்கட்டும், நான் துருவ மாட்டேன்.

கடைசி மாதங்களில் அவருக்குப் பேச்சு குறைந்துவிட்டது. ஒரு வாக்கியம் சொல்வார், அப்புறம் கட்டில் சட்டத்தில் விரலால் தட்டுவார்: இழுத்து ஒன்று, சட்டென்று ஒன்று, மறுபடி இழுத்து ஒன்று. ஏதோ கைப்பழக்கம் என்று நினைத்து, களைத்துப்போயிருப்பார், தூங்கட்டும் என்று விளக்கை அணைத்துவிட்டு வந்துவிடுவோம். அவர் போன பிறகுதான் தேடிப் பார்த்தேன், மோர்ஸ் தந்திக் குறியீட்டில் அது 'கே' என்ற எழுத்து. நான் முடித்துவிட்டேன், இனி நீ பேசு என்று அர்த்தமாம். உங்களுக்குத் தெரியாததா.

என் பக்கம் முடிந்தது. கே.

உங்கள் சிக்னல்காரரின் மகள்