செந்தூல் மாடியில் ரயில் விட்டவர்களுக்கு

அன்புள்ள அங்கிள், ஆண்டி, அவர்களின் பேரன் தம்பி, பிரிக்ஃபீல்ட்ஸ் ஸ்டூடியோ அண்ணன், நால்வருக்கும் வணக்கம்.

பழைய கேமரா ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, "உங்க ரயிலைப் படம் எடுத்துப் பழகலாமா அங்கிள்?" என்று வாசலில் வந்து நின்றேன். ஒரு நாள் வேலை என்றுதான் நீங்களும் நினைத்திருப்பீர்கள். ஏழு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. நேரில் சொன்னால் "அட போம்மா" என்று தள்ளிவிடுவீர்கள், அதனால்தான் நாலு பேர் பார்க்க எழுதுகிறேன்.

ரயில்வே பட்டறையில் ஓய்வு பெற்றபின், நிஜ ரயிலை அளவு பிசகாமல் சுருக்கி, வீட்டு மாடியில் அங்கிள் கட்டிய மாதிரி ரயில் அது. முதலில் எனக்குப் பொம்மை ரயிலாகத்தான் தெரிந்தது. நம் ஊர்த் தண்டவாளம் மீட்டர் கேஜ், அதாவது இரண்டு கம்பிகளுக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி. அங்கிளின் மாதிரி அளவுப்படி அதை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் பதினொன்றரை மில்லிமீட்டர்தான் வரும். கடையில் சுலபமாகக் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் பொருந்தாது என்று 12 மில்லிமீட்டரைத் தேடிப்பிடித்துப் போட்டதாகச் சொன்னபோதுதான், யாரிடம் வந்து மாட்டியிருக்கிறேன் என்று புரிந்தது.

என் முதல் வாரப் படங்களில் இஞ்சின் மூக்கு மட்டும் தெளிவு, பின்னால் வந்த பெட்டிகள் எல்லாம் கஞ்சி. அங்கிள் பார்த்துவிட்டு, "ஹெலிகாப்டர்ல இருந்து எடுத்திருக்கியேம்மா. பிளாட்பாரத்துக்கு இறங்கி வா" என்றார். அந்தப் பிளாட்பாரத்தில் நிற்கும் ஆள் இரண்டு சென்டிமீட்டர் உயரம்கூட இல்லை. அவர் கண் மட்டத்துக்கு லென்ஸை இறக்கி, மேசை விளிம்பில் தாடையை வைத்துப் பார்த்தேன். வண்டி என் மேல் வந்து ஏறுவதுபோல் இருந்தது.

கஞ்சிக்கு வைத்தியம் சொன்னது ஸ்டூடியோ அண்ணன். இவ்வளவு கிட்டத்தில் போனால் ஃபோகஸ் ஆழம் விரல் அகலம்கூட இருக்காது, லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை எஃப் 16 என்ற சிறிய அளவு வரை சுருக்கு, 22-க்குப் போனால் மொத்தப் படமும் மழுங்கும், வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 100-இல் வை, அப்புறம் எத்தனை விநாடி ஆனாலும் ஆகட்டும் என்றார். கால் ஆடாத ட்ரைபாட் ஒன்றையும் கொடுத்தார். அண்ணே, அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, மறக்கவில்லை.

நான்கு விநாடி ஷட்டர் திறந்திருக்கும்போது பலகைத் தரையில் யார் நடந்தாலும் படம் ஆடிவிடும். அதனால் ஆண்டி தேத்தண்ணித் தட்டோடு கீழ்ப்படியிலேயே நின்று, "ஏறலாமா?" என்று குரல் கொடுப்பார். சொந்த வீட்டில் படியேற என்னிடம் அனுமதி கேட்டவருக்கு எப்படி நன்றி சொல்வது? கட்டடக் கலைஞர் ஹப்பேக் வடிவமைத்து 1910-இல் திறந்த நம் கோலாலம்பூர் ஸ்டேஷனின் மாதிரியை நான் எடுத்த படத்தைப் பார்த்து, "என்ன, மழையில நனைஞ்ச மாதிரி அழுக்கா இருக்கு?" என்று கேட்டவரும் அவர்தான். கேமராவை அதன் போக்கில் விட்டால் வெள்ளைச் சுவரையும் சாம்பலாக்கிவிடும் என்று அன்றுதான் தேடிப் படித்தேன். ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காக, வெளிச்சம் கூட்டியதும் குவிமாடங்கள் பளிச்சென்று வந்தன.

தம்பி, நீ கேட்ட கேள்வியும் மறக்காது: "அக்கா, ஆளுக்கு ரெண்டு நிழல் விழுதே, அங்க ரெண்டு சூரியனா?" குழல்விளக்குகளை அணைத்தோம். ஒரே விளக்கு, எதிர்ப்பக்கம் நீ பிடித்த வெள்ளை அட்டை. கை வலித்தும் நீ அசையவில்லை.

போன வாரம் நல்லதாகத் தேறிய ஒரு படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்தேன். அங்கிள் பூதக்கண்ணாடியை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன். "கைகாட்டி நில்லுன்னு காட்டுது. உன் வண்டி அதைத் தாண்டிப் போகுது. டிரைவருக்கு வேலை போயிரும்மா."

இந்த ஞாயிறும் வருகிறேன் அங்கிள். கைகாட்டியை மாற்றி வையுங்கள்.