பென்ஷன் ஆணையில் மனைவியின் பெயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் அப்பா சென்ற மாதம் தமது 77-வது வயதில் காலமானார். குலசேகரம் பக்கம் 'பட்டாளத்து மாமா' என்றால்தான் அவரைத் தெரியும். அடக்கத்துக்கு வந்தவர்களில் எங்களுக்கு அறிமுகமே இல்லாத பெண்கள் நிறையப் பேர். "உங்க அப்பா எழுதித் தந்த பேப்பராலதான் எனக்குப் பென்ஷன் வருது" என்று ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அந்தப் பெண்களுக்காகத்தான் இந்தக் கடிதம்.

அப்பா 1967-இல் பெங்களூரு போய் ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்தார். அங்கே ஜவான்களைத் 'தம்பி' என்று அழைப்பது இன்றும் வழக்கம். அப்போது நம் மாவட்டத்துக்கு ரயில் கிடையாது, 1979-இல்தான் வந்தது. லீவு முடிந்து கிளம்பினால் திருவனந்தபுரம் வரை பஸ், அங்கிருந்து வடக்கே ரயில். அம்மா கட்டித் தரும் ஏத்தன் சிப்ஸ் மெட்ராஸ் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும், கூட இருக்கும் தம்பிமார் விடமாட்டார்கள் என்பார்.

1971 பாகிஸ்தான் போரில் அவர் எல்லையிலுள்ள சகர்கர் பகுதியில் இருந்தார். டிசம்பர் 15 இரவு நம் காலாட்படை பசந்தர் ஆற்றைக் கடந்து அக்கரையில் இடம் பிடித்துவிட்டது. அவர்களுக்குத் துணையாக டாங்கிகள் போக வேண்டும், ஆனால் வழியெல்லாம் கண்ணிவெடி. அதை அகற்றி வழி திறக்கும் வேலை சாப்பர்ஸின் 9-வது இன்ஜினியர் ரெஜிமென்டுக்கு. அப்பா அதில் ஒரு சாதாரண சிப்பாய். வேலை முடிவதற்குள் எதிரியின் டாங்கிகள் நெருங்குவதாகத் தகவல் வர, நம் பூனா ஹார்ஸ் படையின் டாங்கிகள் முழுதும் திறக்காத அந்த வழியிலேயே பாய்ந்து போயின. மறுநாள் அந்தப் படையின் அருண் கேத்தர்பால் வீழ்ந்தார். பரம்வீர் சக்ரா பெற்ற அவருக்கு வயது 21. "எனக்கு அப்போ 23. என்னைவிட ரெண்டு வயசு சின்னப் பையன், மக்களே" என்று சொல்லும்போதெல்லாம் அப்பாவின் குரல் மாறிவிடும்.

மரச்சீனி பிடுங்கும்போதுகூட எங்களுக்குக் கண்ணிவெடி தேடும் பாடம் நடத்துவார். கம்பியை நேராக இறக்கக் கூடாது, சரித்து மெதுவாக இறக்க வேண்டும், அப்போதுதான் வெடியின் தலையில் படாமல் பக்கவாட்டில் தட்டுப்படும் என்று செய்தே காட்டுவார். அந்த நிதானம் எல்லாவற்றிலும் இருந்தது. ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தபின் அதிகாலையில் ரப்பர் வெட்டு, பிறகு எங்களுக்குத் தலைவாரி ஸ்கூலுக்கு அனுப்புவது. பின்னாளில் அம்மா பக்கவாதத்தில் படுத்தபோது கஞ்சியும் பயறும் மசித்து ஊட்டியது, குளிப்பாட்டியது எல்லாம் அவர்தான். எங்களிடம் ஒப்படைக்க மனசே வராது.

மத்தியானத்துக்குமேல் திண்ணையில் மற்றவர்களின் காகிதங்கள். படையில் சேர்ந்த காலத்தில் மனைவியின் பெயரை வீட்டில் கூப்பிடுவதுபோல் எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஆதாரிலோ ஞானஸ்நானப் பெயர் இருக்கும். வேறு சிலருக்குப் பிறந்த தேதி ஒத்துவராது. கணவர் இருக்கும்வரை யாருக்கும் இது உறைப்பதில்லை. அவர் போனபிறகு குடும்பப் பென்ஷன் கேட்கும்போதுதான் "இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்தானா?" என்ற கேள்வி வரும். துக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணை இதற்காக அலையவிடுவது கொடுமை. அப்பாவுக்கு அதுதான் தாங்காது. அம்மாவின் பெயரை அவர் எப்போதோ திருத்தி வைத்துவிட்டார். அம்மா முந்திக்கொண்டார், அந்தக் காகிதத்துக்கு வேலையே வரவில்லை. அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியில் அது இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

நம் மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய வீடுகள் ஏராளம். 1971-இல் போரிட்டவர்களுக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர்கள் நம்மோடு இருக்கும்போதே பிள்ளைகள் டிஸ்சார்ஜ் புக்கையும் பி.பி.ஓ. என்னும் பென்ஷன் ஆணையையும் எடுத்து, அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். நவம்பரில் ஆயுள் சான்று கொடுக்கக் கூட்டிப் போகும்போது இதையும் பார்த்துவிடலாம். தங்கள் நாளிதழ் அந்த மாதத்தில் இதை ஒரு சின்னச் செய்தியாகவாவது ஆண்டுதோறும் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் படைவீரரின் மகள்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.