ரத்தம் எடுத்தால் முடிவையும் சொல்லுங்கள்

ஐயா,

கேரளத்து அட்டப்பாடியில் அரிவாள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை நோய் புதிய சேதி இல்லை. இருளர், முடுகர், குறும்பர் பழங்குடி ஊருகளுக்கு ரத்த மாதிரி எடுக்க அவ்வப்போது குழுக்கள் வருகின்றன. 3 ஆண்டுக்கு முன் எங்கள் பக்கத்து ஊருக்கும் ஒரு குழு வந்தது. ஆங்கிலத்தாளில் கைநாட்டு வாங்கினார்கள், போனார்கள். முடிவு இன்றுவரை வரவில்லை. ஊர்த் தலைவரான மூப்பனிடம் கேட்டால் சிரிக்கிறார்.

மூப்பன் சம்மதித்தால் ஊரே சம்மதித்த மாதிரி என்று நினைக்கிறார்கள் போல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் அப்படிச் சொல்லவில்லை. தலைவர் ஒப்பினாலும் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டும். ஆய்வால் அந்த மக்களுக்குப் பயனும் இருக்க வேண்டும்.

இதே கேரளத்தில் வேறு வழியும் நடந்திருக்கிறது. 1987இல் அகத்தியமலையில் காணிப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சை மூலிகையிலிருந்து ஜீவனி மருந்து உருவானது. உரிமக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாயிற்று. எங்களைக் கேட்கவே இல்லை என்று சில காணிகள் அப்போதும் குறைப்பட்டார்கள் என்பது வேறு கதை.

2023இல் ஒன்றிய அரசு அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. சரி, நல்லது. ஆனால் ரத்தம் எடுக்க வருகிறவர்கள் இருள மொழி தெரிந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேரையாவது முதலிலிருந்தே, சம்பளம் கொடுத்து, உடன் வைத்துக்கொள்ளட்டும். முடிவு அட்டையைக் கல்யாணப் பேச்சுக்கு முன் கையில் கொடுக்கட்டும்.

ஒரு வாசகி,
அகளி, பாலக்காடு மாவட்டம்