டெப்பில் முதலில் திறக்க வேண்டியது

அன்பின் தோழிக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே களுவாஞ்சிகுடியில் மழை ஓய்ந்து வாவித் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது. திருக்கோவில் பக்கம் எப்படி?

உன் முன்பள்ளிக்கு இரண்டு டெப் (தொடுதிரைக் கைக்கணினி) கிடைத்தது பெரிய சந்தோசம். எந்தச் செயலியைப் போடலாம் என்று கேட்டிருந்தாய். செயலி தேட முதல் அதிலுள்ள குரல்பதிவைத் திற. நாலு வயதுப் பிள்ளைக்கு அதைவிடப் பயனுள்ளது அந்தப் பெட்டிக்குள் இல்லை என்பதே என் எண்ணம். எழுத்துக்கு முன் காது பழக வேண்டும். தன் குரலைத் திரும்பக் கேட்கும் பிள்ளை, விட்ட சொல்லைத் தானே திருத்திச் சொல்லும்.

பிள்ளைகளுக்குத் தெரிந்த எட்டுப் பொருள்களை நீயே படம் எடு: தோணி, அத்தாங்கு, சுளகு, உரல், இறால், தோடம்பழம், இப்படி. ஒரு படத்தில் ஒரு பொருள்தான். பின்னால் வெறும் பாய் இருந்தால் போதும். மறுகா ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பிள்ளை இரண்டு வசனம் சொல்லட்டும், பத்து செக்கனுக்குள். டெப் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்க வேண்டும். கிட்டப் பிடித்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் வெடிக்கும். தகரத்தில் மழை விழும்போதும் ஃபேன் சுழலும்போதும் பதியாதே. கச்சான் காற்றுக் காலத்தில் முற்றத்தில் எடுத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். கோப்புக்குப் பொருளின் பெயரை உடனே வை, இல்லாவிட்டால் ஒரு கிழமையில் எது எதுவென்று தெரியாது.

அடுத்த நாள் படத்தை மறைத்துக் குரலை மட்டும் போடு. தோணியும் தோடம்பழமும் ஒரே ஒலியில் தொடங்குவதைப் பிள்ளையே பிடிக்கட்டும். நீ முந்திச் சொல்லிவிடாதே.

எழுத்துப் பழக்கும் செயலிகளைப் பிள்ளையிடம் கொடுக்க முதல் நீ முழுதும் கேட்டுப் பார். ‘கடல்’, ‘பகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் ‘க’ ஒலிப்பது வேறு வேறு. எழுத்தைத் தனியே மட்டும் உச்சரித்துக் காட்டும் செயலியில் இது பிடிபடாது. ல, ள, ழ மூன்றையும் ஒன்றாக்கிச் சொன்னால் அதை அழித்துவிடு. கண்ணாடியில் விரலால் எழுத்தைத் தடவுவதையும் எழுத்துப் பயிற்சியாக எண்ணாதே. கண்ணாடி வழுக்கும், விரல் அழுத்தத்தைப் படிக்காது. அதற்குத் தட்டில் பரப்பிய மணலே நல்லது. ஏடு தொடக்கும்போது பச்சையரிசியில் எழுதவைத்தவர்கள் அறிந்தே செய்தார்கள்.

கதைக்கு ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. அதை இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கியது, தமிழ்க் கதைகளும் உண்டு. இலவசமாக இறக்கலாம், சொற்களை மாற்றிக்கொள்ளவும் அனுமதி உண்டு. வேர்க்கடலை என்று வந்தால் கச்சான் என்றும், பப்பாளியைப் பப்பாசி என்றும், தர்பூசணியை வத்தகப்பழம் என்றும் மாற்றி வாசி.

பிள்ளைகள் திரையில் கதையை விட்டு வேறெங்கும் போய்விடாமலிருக்க, செட்டிங்ஸில் செக்கியூரிட்டிக்குள் ‘ஆப் பின்னிங்’ இருக்கும் (பழைய டெப்பில் ‘ஸ்கிரீன் பின்னிங்’). அதைப் போடு, விடுவிக்க இரகசிய எண் கேட்கும்படியும் வை. மறுகா கதையைத் திறந்து, அண்மையில் திறந்தவற்றைக் காட்டும் பொத்தானை அழுத்தி, அங்கே கதையின் மேலுள்ள அடையாளத்தைத் தொட்டு ‘பின்’ கொடு. ஃபிளைட் மோடையும் போட்டால் விளம்பரம் உள்ளே வராது. ஒரு யூடியூப் வீடியோ முடிய அடுத்தது தானாக ஓடுவதுதான் பிள்ளைகளை எழும்ப விடாமல் வைக்கிறது.

நேரத்தைப் பற்றியும் கேட்டாய். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் இருந்தபடி திரை பார்க்கக்கூடாது, குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அந்த மணித்தியாலத்தில் வீட்டில் பார்ப்பதும் அடக்கம். ஆகவே உன்னிடம் பத்து நிமிசம், நாலு பிள்ளைக்கு ஒரு டெப், பக்கத்தில் நீ. குரலை மட்டும் கேட்கும் நேரத்தை இதில் சேர்க்கத் தேவையில்லை. திரையை அணைத்துவிட்டே கேட்கலாம்.

பிள்ளைகளின் குரலையும் முகத்தையும் வாட்ஸ்அப் குழுவில் போடாதே. தாய் கேட்டால் அவரது பிள்ளையுடையதை மட்டும் அவருக்கே அனுப்பு.

இறக்கி வைத்த பத்துக் கதைகளை மெமரி கார்டில் போட்டு, உன் பக்கம் வருபவர் கையில் கொடுத்துவிடுகிறேன். செருகும் இடம் டெப்பில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எழுது.

உன் தோழி