மரம் அழுகலீங்க, காத்து இழுக்குது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கெழம நம்ம பேப்பர்ல "அழும் மரங்கள்"னு அரைப்பக்கம் போட்டிருந்தீங்க, வெளிநாட்டுல மரத்துல மைக்க மாட்டி, கெளையில ஹெட்போனத் தொங்க விட்டு, போறவங்க வர்றவங்க எல்லாத்தையும் மரத்துக்குள்ள ஓடற சத்தத்தக் கேக்க வெக்கறாங்கன்னு. நல்ல விஷயமுங்க, ரெண்டு தடவ படிச்சேன். தலைப்புதான் எனக்கு ஒப்பல. நான் 31 வருஷமா கோயமுத்தூரு கணபதியில பம்ப்செட் பட்டறை வெச்சிருக்கறவன், சத்தம் கேட்டுத்தான் பொழைக்கறேன், அதனால இதப்பத்தி ஒரு வார்த்த சொல்லலாம்னு எழுதறனுங்க, தப்பிருந்தா மன்னிச்சுக்குங்க.

எங்க தொழில்ல ஸ்க்ரூ டிரைவர் நுனிய பேரிங் மேல வெச்சு கைப்புடியக் காதுல வெப்போம். பேரிங் போச்சா, ஷாஃப்ட் ஆடுதா, எல்லாம் அதுலயே தெரிஞ்சிரும். தண்ணி மட்டம் எறங்கிப்போச்சு, இல்ல தண்ணி இழுக்கற கொழாயோட அடி முனையில இருக்கற ஃபுட் வால்வுல குப்ப அடச்சிருச்சுன்னு வெச்சுக்குங்க, பம்ப்புக்குள்ள ஜல்லிக்கல்லப் போட்டு ஆட்டற மாதிரி ஒரு சத்தம் வரும். உள்ள தண்ணி பத்தாம இழுவையிலயே குமிழி உண்டாகி உண்டாகி ஒடையற சத்தம் அது, கேவிட்டேஷன்னு சொல்லுவாங்க. அப்படியே ஓட்டுனா உள்ள சுத்தற விசிறி, இம்பெல்லரு, அம்ம போட்ட மூஞ்சி மாதிரி ஆயிரும், பட்டறையில அப்படி நாலஞ்சு கெடக்குது. அந்த சத்தத்தக் கேட்டு பம்ப்பு அழுகுதுன்னு எந்த விவசாயியும் எங்கிட்ட சொன்னதில்லீங்க. "காத்து இழுக்குது, வந்து பாருங்க"ம்பாங்க, அவ்வளவுதான்.

மரத்துக்குள்ள நடக்கறதும் கிட்டத்தட்ட இதேதான். இன்னொண்ணு சொல்லணும். மேல உக்கார வெச்ச பம்ப்பு கணக்குப்படி 34 அடிக்கு மேல தண்ணிய உறிஞ்சாது, நடைமுறையில 25 அடி இழுத்தாலே பெருசு. அதனாலதான் அந்தக் காலத்துல நம்ம பக்கம் கெணத்துக்குள்ளயே பாதி தூரத்துல மேட கட்டி மோட்டார எறக்கி வெச்சாங்க, மழ வந்தா மோட்டாரத் தூக்கறதுக்குன்னே சங்கிலியோட ஓடுவோம். ஆனா பாருங்க, 60 அடி தென்ன மரம் ஒரு மோட்டாரும் இல்லாம உச்சிக்குத் தண்ணி ஏத்துது. எப்படின்னா மேல இலையில இருக்கற பொடி ஓட்ட வழியா தண்ணி ஆவியாப் போகப் போக, அதுக்குப் பின்னால இருக்கற தண்ணி ஒண்ணயொண்ணு வுடாமப் புடிச்சுக்கிட்டு கெணத்துக் கயிறு மாதிரி மேல ஏறுதாம். 1894-லயே டிக்சன், ஜாலின்னு ரெண்டு பேரு இதச் சொல்லிட்டாங்க. மண்ணு காஞ்சா என்ன ஆகும்? இழுவ மட்டும் ஏறும், கீழ தண்ணி வராது, கயிறு 'டப்'புனு அறுந்து அந்தக் கொழாயில காத்து புகுந்துரும். அந்த 'டப்'புதாங்க ஹெட்போன்ல கேக்கற சங்கதி.

இத மொத மொதல்ல கேட்டது எந்தச் செடியில தெரியுங்களா, நம்ம கொட்டமுத்துச் செடியில, அதாங்க ஆமணக்கு. 1966-ல மில்பர்ன், ஜான்சன்னு ரெண்டு விஞ்ஞானிங்க ரெக்கார்டு பிளேயர்ல ஊசி மாட்டற பிக்அப்ப இலைக்காம்புல ஒட்ட வெச்சு, இலை வாட வாட டிக்கு டிக்குன்னு வர்றத எண்ணியிருக்காங்க. நம்ம ஊர்ல வேலி ஓரமா எத்தன கொட்டமுத்து வாடி நின்னிருக்கும், யாரு காத வெச்சுப் பாத்தோம்.

நீங்க எழுதியிருந்த இங்கிலாந்துக் கலைஞரு அலெக்ஸ் மெட்காஃப் பட்டையில மைக்க அழுத்தி வெச்சு, சத்தத்தப் பெருசு பண்ணி, கெளையிலருந்து ஹெட்போனத் தொங்க விடறாரு. தண்ணி ஏறும்போது வர்ற சின்னச் சின்ன வெடிப்பு, மரம் ஆடும்போது அடியில உறுமற மாதிரி ஒரு சத்தம், ரெண்டும் கேக்குமாம். சுவிட்சர்லாந்துல மார்க்கஸ் மேடர்னு ஒருத்தரு, மரத்த ஆராய்ச்சி பண்ற ரோமன் ஸ்வைஃபெல் கூடச் சேந்து மழ கம்மியான வலே பக்கம் ஒரு பைன் மரத்துல சென்சார் கட்டி, காதுக்கு எட்டாத சத்தத்த எட்டற அளவுக்குக் கொண்டு வந்து ஸ்பீக்கர்ல வெச்சாரு. கூடவே மரத்துத் தடிமனையும் அளந்திருக்காங்க, பகல்ல துளியோண்டு சுருங்கி ராத்திரி திரும்ப ஊதிக்குதாம். இவங்க ரெண்டு பேரு வேலையும் எனக்குப் பிடிச்சது, ஏன்னா உள்ள இருக்கற சத்தத்தத்தான் வெளிய கொண்டாறாங்க. யூடியூப்ல சுத்துதே இலையில கிளிப்ப மாட்டுனா பியானோ மாதிரி பாட்டு வர்றது, அது மரத்தோட சத்தமே இல்லீங்க, இலையில ஓடற கரண்டு மாறறத மிஷினு சுரமா மாத்திக் குடுக்குது. ஈசிஜி கோட்டப் பாத்து ஒருத்தரு நாதஸ்வரம் வாசிச்ச மாதிரி, கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா டாக்டருக்கு ஆகாது.

"செடிகள் கதறுகின்றன"ன்னு பொட்டி கட்டிப் போட்டீங்களே, அதுக்கும் வர்றேன். 2023-ல டெல் அவிவ் யுனிவர்சிட்டியில தக்காளி, பொகையில செடிங்கள வெச்சுப் பாத்தது அது. தண்ணி ஊத்தாத செடியும் தண்ட வெட்டுன செடியும் ஒரு மணி நேரத்துக்குச் சராசரியா 11-லருந்து 35 டிக்கு வரைக்கும் போடுது, நல்லா இருக்கற செடி ஒண்ணு கூடப் போடறது அபூர்வம். சத்தம் 40-லருந்து 80 கிலோ ஹெர்ட்ஸ், மனுசக் காது 20-ஓட நின்னுரும். அந்த ஆராய்ச்சிய நடத்துன லிலாக் ஹடானி அம்மாவோட டீமு செடிக்கு வலிக்குது, கூப்புடுதுன்னெல்லாம் சொல்லலீங்க. பேப்பர்க்காரங்கதான் சேத்திக்கறீங்க.

எங்க அப்பாரு இருந்திருந்தா சிரிச்சிருப்பாரு. அவரு தென்னையில காத வெச்சுக் கேக்கற ஆளு. மரத்துல பொடி ஓட்டையிலருந்து பழுப்பா சாறு வடிஞ்சா, பொழுதோட காத்து அடங்குனதுக்கப்புறம் போயி மரத்தக் கட்டிப்புடிச்சு காத அப்பிக்கிட்டு நிப்பாரு. உள்ள செவப்புக் கூன் வண்டோட புழு தின்னுச்சுன்னா நறநறன்னு கேக்கும், நானும் கேட்டிருக்கேன், ராத்திரி பக்கத்துல யாரோ பொரி தின்னற மாதிரி இருக்கும். கேட்டா மருந்து, கேக்கலீன்னா அடுத்த மரம். அவருக்கு இதெல்லாம் கலை இல்ல, தேங்கா.

உங்க கட்டுரையப் படிச்சுப்போட்டு நானும் பட்டறை முன்னாடி இருக்கற தூங்குமூஞ்சி மரத்துல ஸ்க்ரூ டிரைவர வெச்சுக் கேட்டனுங்க, லாரி போற சத்தம்தான் வந்துச்சு, டீக்கடையில நின்னவங்க எல்லாம் ஒரு மாதிரியாப் பாத்தாங்க. பேரன் விடல, "அப்பிச்சி, பஸ்ஸர்ல இருக்குமே பித்தள வட்டம், அது போதும்"னு பீசோ டிஸ்க்கு ஒண்ணு வாங்கியாந்து ஒயர் பத்த வெச்சு, பட்டையில ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி, பழைய ஆம்ப்ளிஃபயர்ல குடுத்தான். ராத்திரி பத்தரைக்கு மேல ரோடு அடங்குனப்ப உக்காந்தோம். மொதல்ல வெறும் ஹம்மிங்கு. அப்புறம் கரகரன்னு ஒரு சத்தம் கிட்ட வந்து வந்து போச்சு, டார்ச் அடிச்சுப் பாத்தா ஒரு கட்டெறும்பு டிஸ்க்கு மேல ஏறிப் போகுது! கெளை ஆடுனா உள்ள எங்கயோ மரக்கதவு தொறக்கற மாதிரி ஒரு முனகல். டப்பு சத்தம் கேட்டுச்சான்னா, ஒண்ணு ரெண்டு வந்துச்சு, அது மரமா ஒயர் லூசான்னு சத்தியம் பண்ண மாட்டேன். பேரன் மரம்னுதான் சொல்றான்.

நான் கேக்கறது என்னன்னா, நம்ம ஊர்லயும் இத வெக்கலாமுங்க. கோவை விழா வருஷா வருஷம் நடக்குது, ரேஸ்கோர்ஸ்ல தெனமும் காலையில அத்தன பேரு நடக்கறாங்க, வேளாண்மப் பல்கலைக்கழகம் இருக்குது, மரத்துக்குன்னே மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் இங்கயே இருக்குது. அழகான மரமாப் பாத்து லைட்டப் போட்டு வெச்சுராதீங்க. ஒரு ஹெட்போன் பொள்ளாச்சிப் பக்கம் வாய்க்கா தண்ணி வந்த தோப்புல, இன்னொண்ணு தண்ணி மொற வராத தோப்புல வெச்சு ரெண்டையும் மாத்தி மாத்திக் கேக்க விடுங்க. காங்கேயத்துல கொரங்காட்டு வெள்வேலா மரத்துல ஒண்ணு, ஏன்னா மாடு மேயற அந்தக் காட்டுக்கு யாரும் தண்ணி பாச்சறதில்ல, சித்திர வெயில்லயும் அது பச்சயா நிக்குது, அது எத்தன டிக்கு போடுதுன்னு எனக்கே தெரிஞ்சுக்க ஆச. அப்புறம் சிமிட்டிக்குள்ள நிக்கற டவுன் மரத்துல ஒண்ணு.

இந்தக் கடைசிதான் முக்கியமுங்க. எங்க பட்டறை முன்னாடி போன வருஷம் நடபாத போட்டாங்க. போட்டவங்க பேரு வேண்டாம், எல்லா ஊர்லயும் இதே கததான். மரத்து அடி வரைக்கும் பேவர் கல்லு பதிச்சு, இடுக்குல சிமிட்டியும் பூசிட்டாங்க, ஒரு சாண் மண்ணு விடலீங்க. நான் போயி, "ஏனுங் தம்பி, ஃபுட் வால்வுல சாக்கக் கட்டிட்டு மோட்டார் போட்டா ஓடுமா"ன்னு கேட்டேன். "மேல சொன்னதத்தான் செய்யறோம் அண்ணா"ன்னு அந்தப் பையன் பாவமாச் சொன்னான். இந்த வருஷம் கெழக்குப் பக்கக் கெளை தளுக்கவே இல்ல, மேக்கால ரோட்டுப் பக்கம் மட்டும் நெழலு இருக்குது, ஆட்டோக்காரங்க எல்லாம் அங்க நவுந்துட்டாங்க.

அந்த மரத்துல ஹெட்போன் மாட்டுறதுன்னா ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் நானே தர்றேன், கரண்டும் பட்டறையிலருந்தே எடுத்துக்கலாம். மரத்தச் சுத்தி நாலு வரிசக் கல்லு எடுக்கச் சொல்லி மனுவும் குடுத்திருக்கனுங்க, ரசீது மட்டும் வந்திருக்குது.

இப்படிக்கு,
பம்ப்செட் மெக்கானிக் ஒருவர்,
கணபதி, கோயமுத்தூர்