ஆகாயத்தாமரையை அள்ளினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைப் புறநகர் ஏரிகளில் பொக்லைன் வைத்து ஆகாயத்தாமரையை அள்ளுகிறார்கள். சில மாதங்களில் அது மறுபடியும் மூடிவிடுகிறது. அள்ளியதைக் கரையிலேயே குவித்தால் அழுகி, அதிலுள்ள பாஸ்பேட் (செடிக்கும் பாசிக்கும் உரமாகும் பாஸ்பரஸ் உப்பு) மழையோடு ஏரிக்கே திரும்பும். ஏரி நீரில் லிட்டருக்கு 0.03 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தாலே பாசி பெருகத் தொடங்கும். சுத்திகரித்து விடப்படும் கழிவுநீரிலேயே 2 மில்லிகிராம் இருப்பது சாதாரணம்.

இந்தப் பாஸ்பரஸைப் பிடித்து வைக்கும் பொருள் நம் குடிநீர் நிலையங்களின் கழிவிலேயே இருக்கிறது. படிகாரம் போட்டு நீரைத் தெளியவைக்கும்போது அடியில் தங்கும் சேற்றில் அலுமினியம் ஹைட்ராக்சைடு நிறைய உண்டு. பாஸ்பேட் அதன் பரப்பில் இறுக ஒட்டிக்கொள்ளும். சேற்றை மெல்லிசாகப் பரப்பி வெயிலில் காயவைத்து, உடைத்து, 2 முதல் 5 மி.மீ. மணிகளாகச் சலித்தால் போதும். இந்த மணிகளைப் படுகையாகப் பரப்பி அதன் வழியே நீரை விட வேண்டும். தூள் கூடாது, படுகை அடைத்துக்கொள்ளும். செங்கல் சூளையில் போட்டுச் சுடவும் கூடாது, நுண்துளைகள் மூடிக்கொள்ளும். சரியாகக் காய்ந்ததா என்று பார்க்க, ஒரு கைப்பிடியை பாட்டில் நீரில் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். மணி மணியாகவே நிற்க வேண்டும். கரைந்து கூழானால் இன்னும் காயவில்லை.

அளவில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆய்வகத்தில் நுண்ணிய தூளையும் தூய கரைசலையும் வைத்துக் கிடைக்கும் எண் களத்தில் கிடைக்காது. ஒரு கிராம் மணி 2 மில்லிகிராம் பாஸ்பரஸைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் நீர், அதில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்றால் தினமும் 200 கிராம் பாஸ்பரஸ் வரும். அதற்கு 100 கிலோ மணிகள் செலவாகும். 10 டன் படுகை சுமார் 100 நாள் தாங்கும். அதே படுகையில் லிட்டருக்கு 7 மில்லிகிராம் உள்ள சுத்திகரிக்காத சாக்கடையை விட்டால் ஒரு மாதம்கூடத் தாங்காது. அதற்கு முன்பே சகதி அடைத்துவிடும். ஆகவே சுத்திகரிப்புக்குப் பிறகு, ஏரிக்குள் நுழையும் முன் இதை வைக்க வேண்டும். அடியில் 15 செ.மீ. ஜல்லி, மேலே 60 செ.மீ. மணிகள், முன்னால் ஒரு மணல் வடிகட்டி. மழை வெள்ளத்துக்குத் தனி வழி அவசியம்.

நீரின் பி.எச். 6-க்கும் 8-க்கும் இடையில் இருக்கட்டும். அமிலம் கூடினால் அலுமினியம் கரையும். காரம் கூடினால் ஒட்டும் திறன் குறையும். செம்பூரான் கல், இரும்புத் துரு ஆகியவையும் பாஸ்பேட்டைப் பிடிக்கும். ஆனால் ஆக்சிஜன் அற்றுத் தேங்கி நாறும் நீரில் இரும்பு கரைந்து, பிடித்ததை விட்டுவிடும். எஃகு ஆலைக் கசடும் பாஸ்பேட்டைப் பிடிக்கும், ஆனால் நீரைக் கடும் காரமாக்கும். அந்த நீரை அப்படியே ஏரியில் விட்டால் மீன் செத்துவிடும்.

ஆய்வக அறிக்கையைப் படிக்கும்போதும் கவனம் தேவை. 1 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்பது ஏறக்குறைய 3 மில்லிகிராம் பாஸ்பேட். பாஸ்பரஸ் அளவைப் பாஸ்பேட் என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் படுகை தேவையானதில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

குடிநீர் நிலையச் சேற்றில் ஆர்சனிக், ஈயம் போன்றவை எவ்வளவு உள்ளன என்பதைச் சோதித்து, முடிவை வெளியிட்டு, ஓர் ஏரியின் நுழைவாயிலிலாவது இந்தப் படுகையை ஓராண்டு நடத்திப் பார்க்கக் குடிநீர் வாரியமும் மாநகராட்சியும் முன்வர வேண்டும். ஏரிச் சேற்றில் ஏற்கெனவே படிந்துள்ள பாஸ்பரஸ் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்துகொண்டிருக்கும். அதனால் முதல் ஆண்டில் பாசி குறையவில்லை என்று படுகையை மூடிவிடக் கூடாது. படுகைக்குள் வரும் நீரையும் வெளியேறும் நீரையும் வாரம் ஒருமுறை அளந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

– நீர்ச் சுத்திகரிப்புப் பணியாளர்கள் சிலர், சென்னை